‘நனோ’ என்று எழுதுமுன் அளவைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலைச்சாற்றிலிருந்து நனோத் துணிக்கைகள் (மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கான நனோமீற்றரில் அளக்கப்படும் மிகச் சிறிய துகள்கள்) தயாரித்த மாணவர்கள், புண்ணை ஆற்றும் நனோக் கரைசல்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் நனோத் தூள்கள் என்று அண்மைக் காலத்தில் நமது பத்திரிகைகளில் செய்திகள் அடிக்கடி வருகின்றன. வன்னியில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற வகையிலும், பட்டப்பின்படிப்புக்காக இதே துறையில் சில ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் நின்றவன் என்ற வகையிலும் இச்செய்திகளை மகிழ்ச்சியோடு வாசிக்கிறேன். ஆனால் அவற்றில் எதைக் கொண்டு செய்தார்கள் என்பது இருக்கிறதே தவிர, செய்து முடித்த பொருள் என்ன, அதன் பருமன் எவ்வளவு, அதை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் குறை சிறியதன்று என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

என் பெரியம்மா நீரிழிவு நோயாளி. கடந்த காலபோக விதைப்பின்போது வயலில் அவரது வலது பாதத்தில் முள் குத்திய இடம் புண்ணாகியது. சந்தையில் ஒருவர் விற்ற ‘நனோ வெள்ளி நீர்’ என்ற போத்தலை வாங்கி, கிளினிக்குக்குப் போகாமல் மூன்று வாரம் அதையே பூசிக்கொண்டிருந்தார். நாங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது சின்ன விரலைக் காப்பாற்ற முடியவில்லை. போத்தலின் மேல் நனோ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது; செறிவு, துணிக்கைப் பருமன், உற்பத்தித் திகதி எதுவும் இல்லை. மிச்சத்தைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, பக்கவாட்டில் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தேன். நனோத் துணிக்கைகள் போதிய அளவு மிதக்கும் திரவத்தில் ஒளியின் பாதை ஒரு கோடாகத் தெரியும். நமது பிள்ளைகள் இதைத் தின்டால் விளைவு என்று படிக்கிறார்கள். அதில் கோடு தெரியவில்லை. வெள்ளி நனோத் துணிக்கைகளுக்குரிய மஞ்சள் கபில நிறமும் இல்லை. சில துளி உப்புக் கரைசல் விட்டவுடன் தயிர்போல வெள்ளை வீழ்படிவு திரண்டது. ஐதான அமோனியாவில் அது கரைந்தும் போயிற்று. வெள்ளி அயன்களை, அதாவது நீரில் கரைந்து மின்னேற்றத்தோடு இருக்கும் வெள்ளி அணுக்களை, இனங்காண உயர்தரப் பிள்ளைகள் செய்கிற சோதனைதான் அது. அதாவது, அந்தப் போத்தலில் இருந்தது தண்ணீரில் கரைத்த வெள்ளி உப்பு.

நனோத் துணிக்கைகளைத் தயாரிப்பது கடினமான காரியம் அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கழுவிய வேப்பிலை பத்துக் கிராமை நூறு மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, லீற்றருக்கு 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்றுக் கரைத்த நீரோடு கலந்தால், வெளிர் மஞ்சளாக இருந்த கலவை சிறிது நேரத்தில் கபில நிறமாகும். இலையிலுள்ள பீனோல் வகைச் சேர்வைகள் வெள்ளி அயன்களைத் தாழ்த்தி, அதாவது அவற்றுக்கு இலத்திரனைக் கொடுத்து, உலோக வெள்ளியாக்குகின்றன. சாற்றிலுள்ள வேறு மூலக்கூறுகள் அந்தத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்த்திக்கொள்கின்றன. நிறம் மாறும் கணத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் அதை விரும்பிப் பார்ப்பவன்தான். ஆயினும் நிறம் மாறியதை வைத்துக்கொண்டு நனோ வந்துவிட்டது என்று எழுத முடியாது. இலைச்சாறு தனியே வைத்தாலும் காற்றுப் பட்டுக் கருமையடையும்.

ஏமாறக்கூடிய இன்னோர் இடம் நமது கிணற்று நீரிலேயே இருக்கிறது. ஒருமுறை மாணவி ஒருவர் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டதென்று பாடசாலைக் கிணற்று நீரில் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்தார். உடனே பால்போலக் கலங்கியது. யன்னலோரம் வைத்திருந்ததில் மாலைக்குள் ஊதாச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. தான் நனோ வெள்ளி செய்துவிட்டதாக அவர் நம்பினார். உண்மையில் அது வெள்ளிக் குளோரைட்டு; கிணற்று நீரின் குளோரைட்டு வெள்ளியோடு சேர்ந்து, ஒளி பட்டுக் கருத்திருந்தது. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தாவரச் சாற்றிலும் குளோரைட்டு உண்டு என்பதால், வெளிநாட்டு ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளிலும் இதே குளோரைட்டின் அடையாளம் அளவீடுகளில் தலைகாட்டுவதுண்டு.

அப்படியானால் எப்படி அறிவது? முதலாவது படி, எந்த அலைநீள ஒளியை மாதிரி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கழியூதா-கட்புல நிறமாலைமானி. வெள்ளி நனோத் துணிக்கைகளின் மேற்பரப்பிலுள்ள சுயாதீன இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஒருமித்து அலைவதால், 400 முதல் 450 நனோமீற்றர் வரையான அலைநீளத்தில் உறிஞ்சல் உச்சம் ஒன்று எழும். பொன்னுக்கு அது 520 நனோமீற்றரை அண்டி வரும். அதனால்தான் பொன்னின் நனோக் கரைசல் மாணிக்கச் சிவப்பாக இருக்கிறது. மைக்கல் பரடே 1857ஆம் ஆண்டிலேயே அத்தகைய சிவப்புக் கரைசலைச் செய்து, அந்த நிறத்துக்குக் காரணம் பொன்னின் மிகச் சிறிய துணிக்கைகளே என்று எழுதினார். இரண்டாவது, எக்ஸ் கதிர்க் கோணல்; பளிங்கில் பட்ட கதிர் எந்தக் கோணங்களில் வலுவாக வெளிவருகிறது என்று பார்ப்பது. செப்புக் குழாயிலிருந்து வரும் கதிரைப் பயன்படுத்தினால் உலோக வெள்ளி 38, 44, 64, 77 பாகைகளை அண்டி உச்சங்களைத் தரும். 32 பாகைக்கு அருகே வலுவான உச்சம் தெரிந்தால் வெள்ளிக் குளோரைட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த மாணவியின் தூளை அன்று இக்கருவியில் வைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விடை கிடைத்திருக்கும். பளிங்கு சிறிதாகச் சிறிதாக உச்சம் அகலும் என்பதை 1918இல் பவுல் ஷெரர் சமன்பாடாக்கித் தந்தார். இன்றும் அதைக் கொண்டே பளிங்கின் பருமனைக் கணிக்கிறோம். மூன்றாவது, இலத்திரன் நுணுக்குக்காட்டி. துணிக்கைகளைக் கண்ணால் காண்பது இதில்தான். அழகான ஒரு படத்தைத் தெரிந்தெடுத்துப் போட்டால் போதாது. பல படங்களில் சில நூறு துணிக்கைகளையாவது அளந்து சராசரியையும் பரம்பலையும் தர வேண்டும். ஒளிச்சிதறல் முறையில் வரும் பருமன் நுணுக்குக்காட்டியில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனெனில் அது துணிக்கையைச் சூழ்ந்த போர்வையையும் நீரையும் சேர்த்தே அளக்கிறது. எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத பருமனை நான் நம்புவதில்லை.

ஊக்கியாக, அதாவது இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருளாக, பயன்படும் நனோப் பொருட்களில் நமக்கு உள்ள வாய்ப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். ஊக்கலில் வேலை செய்வது மேற்பரப்பு. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர்தான். அதையே பத்து நனோமீற்றர் கனவுருக்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். நமது கணக்கில் இரண்டு பரப்புக் காணிக்கு மேல். இத்தகைய துணிக்கைகளைத் தாங்கிப் பிடிக்கும் தளமாகச் சிலிக்கா பெரிதும் பயன்படுகிறது. அந்தச் சிலிக்கா வன்னியின் ஒவ்வொரு அரிசி ஆலையின் பின்புறத்திலும் மலையாகக் குவிந்து கிடக்கிறது. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி; அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பல்; அந்தச் சாம்பலில் மிகப் பெரும் பங்கு சிலிக்கா. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் உமியை முதலில் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உமியிலுள்ள பொற்றாசியம் சிலிக்காவோடு உருகிக் காபனை உள்ளே அடைத்துவிடும். சாம்பல் கரும்புள்ளிகளோடு கிடக்கும். கழுவி உலர்த்தி 600 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் வெண்ணிறத் தூள் கிடைக்கும். அதைச் சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்து, அமிலம் விட்டு மீண்டும் வீழ்படியச் செய்தால் நனோச் சிலிக்காவைப் பெறலாம். இங்கும் அளவீடு வேண்டும்: எக்ஸ் கதிர் வரைபில் 22 பாகையை அண்டி அகன்ற மேடு ஒன்று மட்டும் தெரிந்தால் தூள் பளிங்குருவற்றது, அங்கே கூரிய உச்சம் எழுந்தால் வெப்பம் மிஞ்சிப் பளிங்காகிவிட்டது என்று பொருள். பளிங்குச் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஆகவே அந்த வரைபு ஆலையில் வேலை செய்பவரின் மூச்சோடும் சம்பந்தப்பட்டது.

ஊக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளும் ஏமாற்றக் கூடியவை. மெதிலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரில், ஒளி பட்டால் ஊக்கியாக வேலை செய்யும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் குறையும். அந்தத் தைத்தேனியத்தின் மூலமான இல்மனைற்று கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கரையில் கறுத்த மணலாகக் கிடப்பது நாம் அறிந்ததே. நிறம் குறைந்தது சாயம் சிதைந்ததாலா, தூளின் மேல் ஒட்டிக்கொண்டதாலா என்று பிரித்தறிய, முதலில் அரை மணி நேரமாவது இருட்டில் வைத்துக் கலக்கி, ஒட்டுவதெல்லாம் ஒட்டிய பிறகே வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். தூள் போடாத சாயக் கரைசலையும் அதே வெயிலில் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சோதனையிலிருந்து ‘சாயக் கழிவு நீரைச் சுத்தமாக்கும் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்புக்குப் போகக் கூடாது.

உயிரியல் பயன்பாட்டில் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். நுண்ணுயிர் வளர்க்கும் ஏகர்த் தட்டில் ஈ. கோலை பற்றீரியாவைப் பரப்பி, நடுவில் துளையிட்டு நனோக் கரைசலை விட்டால் சுற்றிலும் பற்றீரியா வளராத வட்டம் ஒன்று தெரியும். அதன் படம்தான் பத்திரிகைகளில் வருகிறது. அதே தட்டில் இலைச்சாறு தனியாகவும், அதே அளவு வெள்ளி கொண்ட வெள்ளி நைத்திரேற்று தனியாகவும், ஒரு வழக்கமான நுண்ணுயிர்கொல்லியும் வைக்கப்பட்டனவா? வெள்ளி அயன் தானே பற்றீரியாவைக் கொல்லும். ஒப்பீடு இல்லாவிட்டால் வட்டம் எதனால் வந்தது என்று சொல்ல வழியில்லை. பற்றீரியாவைக் கொல்லும் செறிவு மனிதக் கலத்தையும் கொல்லுமா என்பது அடுத்த கேள்வி. தீக்காயங்களுக்கு வைத்தியர்கள் பூசும் வெள்ளி சல்பாடயசீன் களிம்பு உண்மையான மருந்துதான். அதன் அளவும் கட்டுப்பாடும் வரையறுக்கப்பட்டவை. வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கப்படும் கூழ்வெள்ளி (நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் மிதக்கும் திரவம்) மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இல் அறிவித்தது. வெள்ளியை நீண்ட காலம் உட்கொள்வோரின் தோல் நீலச் சாம்பலாகிவிடும், அது மாறுவதில்லை.

நனோவை நான் வெறுப்பவன் என்று யாரும் கருதிவிட வேண்டாம். கொரோனாக் காலத்தில் இலங்கையிலும் போடப்பட்ட பைசர் தடுப்பூசி கொழுப்பு நனோத் துணிக்கைகளுக்குள் பொதிந்தே வந்தது. இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்துடன் சேர்ந்த ஆய்வாளர்கள் யூரியாவை ஐதரொட்சி அபடைற்று என்ற கல்சியம் பொசுபேற்றுக் கனிமத்தின் நனோத் துணிக்கைகளோடு இணைத்து மெதுவாக வெளிவிடும் உரத்தை உருவாக்கி, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். யூரியா எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்பதை அளந்து, வயலிலும் நட்டுப் பார்த்த பின்பே எழுதினார்கள். 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, இந்தியாவிலிருந்து நனோத் திரவ உரம் வந்தபோது, எங்கள் விவசாயிகள் பலர் நனோ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டபோது விளக்கிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இத்தகைய செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது பருமனை எந்தக் கருவியால் அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், மனிதக் கலத்தில் சோதித்தார்களா என்று நிருபர் ஒரு தடவை கேட்கட்டும். விடை இல்லையென்றால் செய்தியை நிறுத்த வேண்டியதில்லை. ‘இன்னும் அளக்கப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் பெரியம்மாவைப் போன்றவர்கள் கிளினிக்குக்குப் போவார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன; 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது பாடசாலை மாணவர்களின் மாதிரிகளை நிறமாலைமானியில் வைத்துக் காட்ட அவை முன்வர வேண்டும். எனது ஆய்வுக் காலத்தில் இரண்டு கிராம் தூளைச் சிறு குப்பியில் அடைத்து, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், எக்ஸ் கதிர்க் கருவிக்கு முறை வரும்வரை காத்திருந்து திரும்பியிருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளையால் அது முடியாது.

பெரியம்மாவின் போத்தலில் கால்வாசி திரவம் மிச்சம் இருக்கிறது. வெளிச்சம் படாமல் கறுப்புக் கடதாசி சுற்றி ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதிலுள்ள வெள்ளியின் செறிவை முறைப்படி அளந்து எழுத்தில் தர எந்த ஆய்வுகூடம் இணங்கினாலும், அடுத்த நாளே நானே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.