ஐஸ்லாந்து விசிறியும் நம்மூர்க் கரிமூட்டமும்

முதுகுளத்தூர்
கார்த்திகை 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. முட்டிவலி, கண்மாய்க் கரை ஏற முடியாது என்று இங்கே அழுதவன், டென்மார்க்கில் மகள் வீட்டுக்குப் போன கையோடு ஐஸ்லாந்து வரைக்கும் போய்ப் பாறை மேல் ஏறி நிற்கிறாய்! சரி, நல்லாயிரு.

இங்கே மழை பரவாயில்லை. கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டது, மிளகாய் நாற்றும் தப்பிவிட்டது. கடைக்குட்டிப் பேரன் நடக்க ஆரம்பித்திருக்கிறான். வேறு விசேஷம் இல்லை.

நீ அனுப்பிய படத்தில் ஏர்கூலரை அடுக்கி வைத்த மாதிரி நிற்கிறதே, அந்த மாமத் ஆலையைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். காற்றை விசிறியால் இழுத்து, அதிலிருக்கும் கரியமில வாயுவை மட்டும் பிடித்து, தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியில் இருக்கும் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். கோலி சோடாவைப் பாறைக்குள் ஊற்றுகிற மாதிரிதான். இரண்டே வருஷத்தில் வாயு கல்லாக இறுகிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பூமிச்சூட்டில் ஓடும் மின்நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சூட்டுக்கும் கரண்டுக்கும் அவர்களுக்குக் கவலையில்லை. இதையே நாம் நிலக்கரி கரண்டை வைத்துச் செய்தால், ஒரு கையால் இறைத்து மறுகையால் ஊற்றின கதைதான்.

கணக்கு வாத்தியார் புத்தி எங்கே போகும்? ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழுத் திறனில் ஓடினால் அந்த ஆலை வருஷத்துக்கு 36,000 டன் பிடிக்கும். உலகம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியே விடுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு வினாடிக்கு 1,170 டன் சொச்சம். அந்த ஆலையின் ஒரு வருஷ உழைப்பு, உலகத்துக்கு முப்பது வினாடிப் புகை. உன் கடித உறையைப் பிரிக்கவே எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

இன்னொரு கணக்கும் போட்டேன். போன வருஷம் என் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன் இல்லையா? மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. மழை, மேகம், தூசி எல்லாம் கழித்தாலும் வருஷத்துக்கு 4,000 யூனிட் வருகிறது. நம் நாட்டுக் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. அப்படியானால் என் ஓட்டை மாடி வருஷத்துக்கு மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகப் புகையைத் தடுக்கிறது. பன்னிரண்டாயிரம், பதின்மூவாயிரம் வீட்டில் இப்படிப் போட்டால் உன் மாமத்துக்குச் சமம். பரமக்குடி மாதிரி ஓர் ஊரில் பாதி வீடு போதும்.

நீ உடனே சண்டைக்கு வருவாய் என்று தெரியும். 'உன் சோலார் புதுப் புகையைத் தடுக்கும், ஏற்கெனவே மேலே போனதை என்ன செய்வாய்?' என்று கேட்பாய். நியாயம்தான். நீயும் நானும் பிறந்த 1958-ல்தான் ஹவாயில் மௌனா லோவா மலை மேல் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நம் ஆயுசுக்குள் ஏறின ஏற்றம் இது, மாப்ள. இன்றைக்கே எல்லா அடுப்பையும் அணைத்தாலும் அதில் கணிசமான பங்கு பல நூறு வருஷத்துக்கு மேலேயே நிற்கும். வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமல் நிற்க வேண்டுமானால், இந்த நூற்றாண்டுக்குள் 10,000 கோடி முதல் ஒரு லட்சம் கோடி டன் வரை காற்றிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்று 2018-லேயே ஐ.நா. காலநிலைக் குழு சொல்லிவிட்டது. ஆகவே உன் விசிறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழாயை மூடாமல் வாளியில் மொண்டு ஊற்றாதே என்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். சோலாருக்கு முன்னால் மின்விசிறியைத்தான் மாற்றினேன். பழைய விசிறி 75 வாட் தின்றது, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த புது பி.எல்.டி.சி. விசிறிக்கு 28 வாட் போதும். நான்கு விசிறி, நம்மூர் வெயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் தினம் இரண்டு யூனிட் மிச்சம். இதற்கு மானியமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். எல்லாரும் மாடியைப் பார்க்கிறார்கள், உத்தரத்தைப் பார்ப்பதில்லை.

சோலாரில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். போட வந்த ஆள் காலையில் வந்து அளந்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று மணிக்கு எங்கே நிழல் விழுத்தும் என்று அவர் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பலகையில் மட்டை நிழல் விழுந்தால் அந்த வரிசையே சோர்ந்துபோகிறது. பிறகு கூடுதல் காசு கொடுத்து இடம் மாற்றினேன். இன்னொன்று, கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் என் வீடு இருட்டு! பேட்டரி இல்லாத சோலார் தானாக நின்றுவிடும், நின்றுதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை நம் வீட்டுக் கரண்டே அடித்துவிடும். காரணம் புரிகிறது. ஆனால் 'இவ்வளவு காசைப் போட்டு விசிறி ஓடவில்லையே' என்று வீட்டுக்காரி கேட்கும்போது லைன்மேன் கதை எடுபடவில்லை.

பகல் சமையல் இண்டக்‌ஷன் அடுப்புக்கு வந்துவிட்டது. சோறு, சாம்பார், பருப்பு எல்லாம் பதினொரு மணி வெயிலில் வேகிறது. ராத்திரி தோசைக்குக் கேஸ்தான், அதில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு சிலிண்டர் எரிந்தால் நாற்பது கிலோவுக்கு மேல் கரியமில வாயு. முன்பு ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் இப்போது மூன்று மாதம் வருகிறது. ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகு என் வீட்டு விசிறியும் டிவியும் நிலக்கரிக் கரண்டில்தான் ஓடுகின்றன. வீடே சூரியனில் ஓடுகிறது என்று ஊரில் பீற்றிக்கொள்ள முடியாது. இந்த வாரம் மேகமூட்டத்தில் தினம் நாலு யூனிட்தான் வந்தது.

அப்புறம், உனக்கு எழுத நினைத்த முக்கியமான விஷயம் வேறு. அப்பா கரிமூட்டம் போட்டது நினைவிருக்கிறதா? சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, ஓட்டை விட்டு, நாள்கணக்கில் புகைய விடுவார். நாம் அந்தப் புகையில் கண் எரிய ஓடுவோம். மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த அந்தக் கரி டீக்கடைக்கும் இஸ்திரிக்கும் போய், எரிந்து, திரும்பக் காற்றுக்கே போனது. அதே கரியை எரிக்காமல் பொடித்து மண்ணில் போட்டால் அதில் பெரும்பங்கு நூறாண்டுகள் தாண்டி மண்ணிலேயே கிடக்கும். அமேசான் காட்டுப் பழங்குடிகள் அப்படிக் கரி கலந்த கறுப்பு மண் இன்றும் இருக்கிறது. 2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம் வராஹா என்ற இந்திய நிறுவனத்திடம், 2030-க்குள் ஒரு லட்சம் டன் கரியமில வாயுவை இப்படிக் கரி வழியாக நீக்கித் தர ஒப்பந்தம் போட்டது. எந்த மரத்தில் என்று நினைக்கிறாய்? குஜராத்தின் சீமைக்கருவேலம்! நாம் நாசமாய்ப் போன மரம் என்று திட்டுகிற அதேதான்.

நானும் தோட்டத்தில் கூம்பு மாதிரி குழி வெட்டி, மேலிருந்து தீ வைத்து, தண்ணீர் ஊற்றி அணைத்து, நாலு மூட்டை கரி எடுத்தேன். அப்பாவின் மூட்டம் மீத்தேனும் புகையும் கக்கும், குழியில் மேல் தீ அந்தப் புகையையே எரித்துவிடுகிறது. சாணக்குப்பையில் ஊற வைத்துப் போட்ட பாத்தியில் முண்டு மிளகாய் நன்றாக நின்றது. அவசரப்பட்டு வெறும் கரியாகப் போட்ட பாத்தி மஞ்சளடித்தது. நம் மண் பல இடங்களில் ஏற்கெனவே களர், கரி அந்தக் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். ஆகவே ஊரெல்லாம் போடு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கருவேலக் கரிக்கு நல்ல விலை வந்துவிட்டால் கண்மாயில் நிற்கிற மரத்தை வேரோடு பிடுங்க யார் வருவார்? வெட்ட வெட்டத் தழையும் மரம், வெட்டிக்கொண்டே இருந்தால் காசு. தண்ணீருக்கு இருக்கும் இடத்தைப் புகைக்கணக்குக்காக விட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. நீ அங்கே படித்தவர்களோடு பேசுகிறாயே, அவர்களிடம் கேட்டு எழுது.

அப்பாவோடு மூட்டம் போட்ட பெரியவர் ஒருவர் போன வாரம் வந்தார். பாத்தியைப் பார்த்துவிட்டு, "விக்கிற சரக்கை வாத்தியார் மண்ணுக்குள்ள போடுறாரு" என்று சிரித்தார். குழியை எட்டிப் பார்த்து, இவ்வளவு விறகுக்கு இவ்வளவுதான் கரியா என்றும் கேட்டார். விகிதம் சரியில்லையாம். அடுத்த தடவை அவரே வந்து தீ வைக்கிறேன் என்றிருக்கிறார்.

மாசியில் மிளகாய்ப் பழம் எடுப்பு. அதற்குள் வந்துவிடு. ஐஸ்லாந்திலிருந்து, வாயு கல்லாக இறுகி வெள்ளைப் புள்ளி விழுந்த அந்தக் கல் சில்லு ஏதாவது கையில் இருந்தால் கொண்டு வா, பேரனுக்கு இல்லை, எனக்கு.

உன்
முருகேசன்