பாப்பா, பெயிண்ட்ட பாக்காத, அடியில பாரு

பாப்பா,

நீ, மாப்ள, குட்டி எல்லாரும் நல்லா இருக்கீங்களா. குட்டிக்கு சளி விட்டுச்சான்னு அம்மா கேட்டுகினே இருக்கா. நீ அனுப்புன வேன் போட்டோ பாத்தேன், அந்த 1973 வோக்ஸ்வேகன். உள்ள படுக்கை, அடுப்பு, சின்ன சிங்க் எல்லாம் வெச்சு ரொம்ப அழகா தான் கீது. வாங்க வேணாம்னு அப்பா சொல்ல மாட்டேன், நீ ஆசைப்பட்டு ஒண்ணு கேக்கறதே அபூர்வம். ஆனா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத முழுசா படி, மாப்ளைக்கும் படிச்சு காட்டு.

போட்டோல பெயிண்ட் பளபளன்னு கீது. எனக்கு பயமே அதான். காசிமேட்டுல மீன் லோடு அடிக்கற வண்டிங்க எத்தன நம்ம ஷெட்டுக்கு வந்திருக்கும்னு உனக்கே தெரியும், ஐஸ் உருகி உப்பு தண்ணி சொட்டி சொட்டி அடித்தகரம் பூரா அரிச்சு போயிருக்கும், ஆனா விக்கறவன் மேல பட்டி பாத்து ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு நிறுத்திடுவான், வாங்கறவன் மாலை போட்டு தேங்கா ஒடச்சு எடுத்துகினு போவான். நீங்க இருக்கற இங்கிலாந்துலயும் குளிர் காலத்துல ஐஸ் உறையாம இருக்க ரோட்டுல உப்பு போடறாங்க இல்ல, அது அடியில ஒட்டிகினா அதே வேலைய தான் செய்யும். அம்பது வருஷத்து வண்டின்னா எத்தன குளிர் காலம் பாத்திருக்கும், யோசி.

நம்ம லாரிக்கு சேஸிஸ்னு சொல்ற அடி சட்டம் தனி பாடி தனி, பாடி போனா கழட்டி போட்டுட்டு வேற கட்டிக்கலாம். இந்த வேன் அப்படி இல்ல பாப்பா, அடி சட்டமும் பாடியும் ஒண்ணா வெல்ட் ஆகி தான் வண்டிக்கே பலம். அதனால இதுல துரு புடிச்சா அசிங்கம் மட்டும் இல்ல, ஆபத்து. இன்ஜின் போனா வேற இன்ஜின் வாங்கி மாட்டிடலாம், ஒரே நாள்ல கூட முடியும். அடி போச்சுன்னா மாசக்கணக்குல வெல்டிங், அங்க வெல்டர் கூலி இன்னா ஆகும்னு நீயே விசாரி, வேன் விலைய தாண்டிடும்.

அதனால போன உடனே உள்ள ஏறி படுக்கைய பாக்காத. மாப்ளைய பழைய துணி போட்டுக்க சொல்லு, ஒரு டார்ச், ஒரு பாய், ஃப்ரிட்ஜுல ஒட்டற காந்தம் ஒண்ணு, மெல்லிசு துணி சுத்தி எடுத்துகினு போங்க. கதவுக்கு கீழ நீளமா ஓடற தகரம், முன் சக்கரத்து வளைவு, ஸ்லைடிங் கதவோட அடி ஓரம், முன் கண்ணாடிய சுத்தி இருக்கற ரப்பர் பீடிங்குக்கு கீழ ரெண்டு மூலை, கூரை ஓரத்துல தண்ணி வழிய மடிச்சிருக்கற இடம், இதெல்லாம் காந்தம் வெச்சு பாருங்க. காந்தம் ஒட்டாம வழுக்கினா அங்க தகரம் இல்ல, பட்டி. லேசா ஒட்டுனா பட்டி கொஞ்சம் கனமா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கீழ படுத்து ஜாக்கி வெக்கற இடத்தையும் நடு சட்டத்துல இருந்து ரெண்டு பக்கமும் நீட்டிகினு வர்ற கை எல்லாத்தையும் பாக்கணும், விக்கறவர் கிட்ட கேட்டுட்டு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டி பாக்கணும், நல்ல தகரம்னா கிண்ணுன்னு கேக்கும், அரிச்ச தகரம் மொத்துன்னு கேக்கும். அடி பூரா புதுசா கருப்பு அண்டர் கோட்டிங் அடிச்சிருந்தா சந்தோஷப்படாத, எதுக்கு இப்ப போய் அடிச்சாங்கன்னு கேளு. வெல்டிங் பண்ண வண்டின்னா தப்பே இல்ல, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இருக்கான்னு கேளு, ஒழுங்கா பண்ணவங்க கண்டிப்பா வெச்சிருப்பாங்க.

இன்ஜின் பின்னாடி இருக்கும், ரேடியேட்டரே கிடையாது, காத்துல தான் குளிரும். ராயபுரத்துல ஒரு டாக்டரோட அதே கம்பெனி பீட்டில் கார் நம்ம ஷெட்டுக்கு வருமே, கிட்டத்தட்ட அதே இன்ஜின் தான் 1600 சிசில. நீங்க போறப்ப இன்ஜின் சில்லுன்னு இருக்கணும், முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெல்ட் ஓடற பெரிய புல்லிய ரெண்டு கையால புடிச்சு முன்னும் பின்னும் இழுத்து பாக்க சொல்லு. டொக்கு டொக்குன்னு கையில தட்டுச்சுன்னா உள்ள கிராங்க், அதான் இன்ஜின்ல சுத்தற தண்டு, அதோட பேரிங் தேஞ்சிருக்கு, இன்ஜின பிரிச்சு தான் ஆகணும். அசைவே தெரியலன்னா பரவால்ல. நீல புகை விட்டா ஆயில் எரியுது. கொஞ்சம் ஆயில் கசியறது இந்த இன்ஜினுக்கு சகஜம், அதுக்கு பயப்படாத.

பெட்ரோல் டியூப் விஷயத்துல மட்டும் அப்பா சொல்றத அப்படியே கேக்கணும். இந்த மாதிரி பழைய வேனுங்க நின்ன இடத்துலயே எரிஞ்சு போறதுக்கு பெரிய காரணம் அந்த ரப்பர் டியூப் தான், வெடிப்பு விட்டு இன்ஜின் சூட்டுல பெட்ரோல் சொட்டும். 2021ல இருந்து அங்க சாதா பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க, பழைய ரப்பர அது சீக்கிரம் கெடுக்கும். டியூப் எப்படி இருந்தாலும் சரி, வாங்கின அன்னைக்கே எத்தனால் தாங்கற புது டியூப் மாத்துங்க, பெட்ரோலும் எத்தனால் கம்மியா இருக்கற ஈ5 தான் போடணும். அப்புறம் ஹீட்டர். இந்த வேன்ல சைலன்சர் குழாய சுத்தி இருக்கற பெட்டில சூடாகற காத்த தான் உள்ள அனுப்புவாங்க, அந்த பெட்டி ஓட்டையா இருந்தா புகை உள்ள வந்துடும், அந்த புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது பாப்பா, தூக்கத்துலயே ஆள கொன்னுடும். அலாரம் ஒண்ணு மாட்டாம ஒரு ராத்திரி கூட உள்ள படுக்க கூடாது. கேஸ் அடுப்பையும் லைசென்ஸ் உள்ள ஆள வெச்சு செக் பண்ணு. நம்ம வீட்டு சிலிண்டர் டியூபையே 5 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்த சொல்றாங்க, அதுல எந்த காலத்து டியூப் இருக்கோ.

ஓட்டி பாக்கறப்ப பிரேக் ஒரு பக்கமா இழுக்குதா, ஸ்டீரிங் ரொம்ப ஆடுதா, ரெண்டாவது கியர் தானா கழண்டு வருதான்னு பாருங்க. வேகம் வராது, அது குறை இல்ல, அந்த வண்டி அவ்ளோ தான். மேல தூக்கற கூரையோட கேன்வாஸ் கிழிஞ்சிருக்கா, அலமாரிய தொறந்தா பூஞ்சை நாத்தம் வருதான்னு பாத்தா போதும்.

பேப்பர். 40 வருஷம் தாண்டின வண்டிக்கு அங்க ரோடு டாக்ஸும் இல்ல, வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்கான்னு பாக்கற எம்ஓடி டெஸ்டும் கட்டாயம் இல்லன்னு மாப்ள சந்தோஷமா சொன்னாரு, எனக்கு அதுல சந்தோஷம் இல்ல, யாரும் பாக்காத வண்டின்னு தானே அர்த்தம். வண்டி நம்பர போட்டா பழைய எம்ஓடி ரிப்போர்ட் கவர்மெண்ட் சைட்ல ஃப்ரீயா வரும், எந்த இடத்துல துருன்னு எழுதியிருக்காங்களோ அங்க போய் காந்தம் வைங்க. காசு குடுத்து ஒரு எம்ஓடி புதுசா போட்டு குடுங்கன்னு கேளு, மறுத்தா அந்த வேனே வேணாம்னு விட்டுடு. நம்ம ஆர்சி புக் மாதிரி அங்க இருக்கற வி5சி பேப்பர்ல பேர் இருக்கறதால மட்டும் அவர் ஓனர் ஆகிட மாட்டார், வாங்கின பில்ல கேளு, இன்ஜின் பக்கத்துல குத்தியிருக்கற சேஸிஸ் நம்பரும் பேப்பரும் ஒண்ணா இருக்கான்னு பாரு.

கடைசியா குட்டி. பின் சீட்ல பெல்ட் இருக்கான்னு கேட்டியா? பெல்ட் இல்லாத பழைய வண்டில 3 வயசுக்கு கீழ உள்ள குழந்தைய ஏத்த அங்க சட்டமே விடாது, அவனுக்கு இன்னும் 2 கூட முடியல. அவன் கார் சீட்ட கையோட எடுத்துகினு போய் மாட்டி பாரு. பெல்ட் இல்லன்னா வண்டியோட இரும்பு சட்டத்துல வெல்ட் பண்ணி சரியா மாட்ட எவ்ளோ ஆகும்னு கேட்டு அத விலைல குறைக்க சொல்லு.

ஞாயித்துக்கிழமை தானே போறீங்க. அடியில எடுத்த போட்டோவா அனுப்பு, மேல எடுத்தது வேணாம். தட்டற சத்தத்த வீடியோ எடுத்து அனுப்பு, காதுல கேட்டாலே எனக்கு தெரிஞ்சிடும். எந்த நேரம்னாலும் முழிச்சிகினு இருப்பேன், நான் பாத்து சொல்ற வரைக்கும் ஒரு பவுண்டு கூட குடுக்காத.

அப்பா
தண்டையார்பேட்டை