பித்தநாளத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதருக்கு மாற்றுறுப்பாகப் பயன்படுத்தும் நோக்கில் நடக்கும் பன்றிக் கல்லீரல் ஆராய்ச்சி பற்றிய செய்திகளில், அதனோடு ஒட்டியிருந்து பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளம் ஒரு வரியைக்கூடப் பெறுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் கசிவும் சுருக்கமும் அடிக்கடி தொல்லை தரும் இடம் அந்த மெல்லிய குழாய்தான். 2024 மார்ச்சில் சீனாவின் சியான் நகரில், மூளைச்சாவு அடைந்த ஒருவருக்குப் பொருத்தப்பட்ட, மரபணு திருத்திய பன்றிக் கல்லீரல் 10 நாட்கள் இயங்கியபோது பித்தநீரைச் சுரந்ததே என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி.

பன்றிக் கல்லீரலின் மேற்பரப்பில், இணைப்புத்திசு வேலியிட்ட சிறுசிறு அறுகோணங்களை வெறும் கண்ணாலேயே காணலாம். மனிதக் கல்லீரலில் அந்த வேலி அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. அதேபோல, மனிதரில் பெரும்பாலும் ஒன்றுசேர்ந்து சிறுகுடலில் திறக்கும் பித்தநாளமும் கணையநாளமும் பன்றியில் தனித்தனியே திறக்கின்றன. இவ்வேறுபாடுகளைச் சொல்லாமல் 'மனித உறுப்பைப் போன்றதே' என்று எழுதுவது, மாற்றுறுப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடும்.

சோப்புத்தன்மையுள்ள கரைசலால் செல்களைக் கழுவி நீக்கினால், பழுப்புநிறக் கல்லீரல் வெளிறி, குழாய்களின் வலைப்பின்னலைத் தாங்கிய, புதிய செல்களை வளர்த்துப் பார்க்க உதவும் சட்டகமாக நிற்கிறது. இத்தகைய சட்டக ஆய்வுக்கும் மருத்துவர்களின் அறுவைப் பயிற்சிக்கும் ஏற்ற இடங்களில், ஆய்வுக்கென்றே விலங்கைக் கொல்லாமல், இறைச்சிக்காக அறுக்கப்பட்டவற்றின் உறுப்புகளையே முதலில் நாட வேண்டும். அதற்கு இறைச்சிக்கூடத்திலேயே பித்தநாளத்தைக் குட்டையாக நறுக்கிவிடாமல், உடனே குளிரூட்டி அனுப்பும் முறை தேவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்