முட்டியைத் தாண்ட வேண்டாம், கண்ணா

அன்பு மகனுக்கு,

எடின்பரோவிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டை உடுத்தியிருக்கிறாய்; அதன் கீழோரம் முட்டியை முழுக்க மூடி, அதற்கும் கீழே இரண்டு விரல் இறங்கி நிற்கிறது. நீளம் கூடிவிட்டது, வாடகைக் கடையில் மாற்றிக் கேட்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. பேண்ட் நிற்கிற இடத்தில், தொப்புளுக்கு நாலு விரல் கீழே கட்டியிருக்கிறாய். கோளாறு அங்கேதான், துணியில் இல்லை.

கில்ட்டுக்கு இடுப்பு என்பது தொப்புள் மட்டம். பக்கவாட்டில் பக்கிளோடு இருக்கும் வார்களை அந்த மட்டத்தில் இழுத்து மாட்டு. அதற்கு மேலேயும் ஏறக்குறைய இரண்டு அங்குலத் துணி விலாவை நோக்கி ஏறி நிற்க வேண்டும். அப்படிக் கட்டினால் கீழோரம் முட்டிச் சில்லின் நடுவுக்கோ மேல் விளிம்புக்கோ வந்துவிடும். நீளத்துக்கு உள்ள இடம் அந்த ஓர் அங்குலம்தான். நடுவுக்குக் கீழே இறங்கினால் நீளம், சில்லுக்கு மேலே தொடை தெரிந்தால் குட்டை.

தழையக் கட்டுவதால் நீளம் மட்டும் கெடுவதில்லை. பின்புற மடிப்புகளை இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற இடம் வரை தைத்து நிறுத்தியிருப்பார்கள். அதற்குக் கீழேதான் அவை விட்டுத் தொங்கும். நீ இறக்கிக் கட்டும்போது அந்தத் தையல் தொடைக்கு வந்துவிடுகிறது. நடக்கையில் இறுக்கும், மடிப்புகள் வாய் பிளக்கும். கில்ட்டோடு போடும் கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் குட்டையாகவே வெட்டப்பட்டவை. உன் படத்தில் வெயிஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

சரியாக இருக்கிறதா என்று அறிய, தரையில் இரண்டு முட்டியையும் ஊன்றி, முதுகை நிமிர்த்தி நில். கீழோரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கலாம், ஓர் அங்குலம் தூக்கியும் இருக்கலாம். தரையில் துணி மடிந்து கிடந்தால் நீளம். நின்றபடி நீயே குனிந்து பார்த்து முடிவு செய்யாதே. குனிந்தால் முன்பக்கம் தாழும், பின்பக்கம் ஏறும், கண் ஏமாந்துபோகும். அறையில் கூட இருக்கும் பையனைப் பார்க்கச் சொல். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதையும் அவன்தான் சொல்ல முடியும். வயிறு தள்ளினால் முன்பக்கம் வழுக்கித் தொங்கும். அப்போது வாரை ஒரு துளை இறுக்கினால் போதும். கில்ட்டைத் தாங்குவது இந்த வார்கள்தான். மேலே போடும் அகலமான பெல்ட் தாங்கும் என்று நம்பாதே, அது அலங்காரம்.

சொந்தமாக ஒன்று தைத்துக்கொள்ள ஆசை என்றும் எழுதியிருந்தாய். அப்படியானால் பேண்ட் அளவைச் சொல்லிவிடாதே. தொப்புள் மட்டத்தில் டேப் பிடித்தால் பெரும்பாலும் சில அங்குலம் கூடும். இடுப்புச் சுற்று, பிட்டத்தின் அகன்ற சுற்று, தொப்புளிலிருந்து முட்டிச் சில்லின் நடு வரை நீளம், இந்த மூன்றையும் வேறொருவர் எடுக்கட்டும். நீ நேராக எதிர்ச் சுவரைப் பார்த்து நில். தைப்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேள்: நீங்கள் சொல்லும் நீளம் வாரிலிருந்தா, மேல் விளிம்பிலிருந்தா? சிலர் மேலே ஏறும் இரண்டு அங்குலத்தையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். இந்தக் குழப்பத்தில் இரண்டு அங்குலம் தவறிப்போனால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஏன் என்றால், நல்ல கம்பளிக் கில்ட்டின் கீழோரத்தை மடித்துத் தைப்பதில்லை. தறியிலேயே நெய்து முடிந்த கரைதான் கீழே வரும். எட்டு கெஜம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல் துணி, மடிப்பு மடிப்பாக அடுக்கியிருக்கிறது. கீழே மடித்துத் தைத்தால் ஒவ்வொரு மடிப்பும் அங்கே இரட்டைத் தடிமனாகி, படியாமல் உப்பும், நடையோடு வீசாது. மேலிருந்து குறைப்பதென்றால் வாரும் உள்துணியும் பிரிக்க வேண்டும். மடிப்புகள் இடுப்பை நோக்கிக் குறுகிப் போவதால் அவற்றையும் மறுபடி தைக்க வேண்டும். சட்டைக் கையைக் குறைப்பது போன்ற வேலையில்லை இது.

குட்டையும் உதவாது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது முட்டிக்கு நன்றாக மேலே நின்ற கில்ட்டை, தோல் நிறக் காலுறையோடு அணிந்தார்; ஊரே கேலி பேசியது. உட்காரும்போது எப்படியும் துணி மேலே ஏறும். அதனால் உட்காரும் முன் இரு கையாலும் பின்மடிப்புகளைத் தட்டிப் படியவிட்டு உட்கார். நீளமோ வேறு விதமாக வதைக்கும்: மழையில் நனைந்த கம்பளி ஓரம் முட்டியின் பின்தோலில் ஓயாமல் உராயும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில், சேறு உறைந்த அந்த ஓரம் ஸ்காட்லாந்து வீரர்களின் காலைப் புண்ணாக்கியது.

காலுறையையும் கவனி. மேல்பகுதியை மூன்று அங்குலம் மடித்துவிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே மூன்று நாலு விரல் இடம் விட்டு நிறுத்து. முட்டி வெறுமையாகத் தெரிய வேண்டும், அதுதான் அழகு. முன்னே தொங்கும் ஸ்போரன் பை பெல்ட் பக்கிளுக்கு நாலு விரல் கீழே இருக்கட்டும். முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடலாக வரும்; கில்ட் ஊசியை மேல்மடலில் மட்டும் குத்து. அடிமடலையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுத்துக் கிழியும்.

இன்று இரவே மறுபடி கட்டி, முட்டி ஊன்றிப் பார்த்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு. காலுறையும் ஷூவும் போட்டு, பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கட்டும். கையைக் கோட்டுப் பையில் விடாமல் நில், இடுப்பு எனக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகும் ஓரம் முட்டி நடுவைத் தாண்டினால், நாளைக்கே கடைக்குப் போய் ஓர் அங்குலம் குட்டையானதைக் கேள்.

அன்புடன்,
அப்பா