பக்கவாதத்துக்குப் பிறகு: காணொளி ஆலோசனை நம் அடுப்படியையும் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோருக்கு உணவு, உடற்பயிற்சி இரண்டையும் காணொளி அழைப்பின் வழி கற்றுத்தரும் சேவையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அச்சேவை தமிழ் பேசும் வீட்டுக்கு வரும்போது அதன் பாதிப் பயன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பதினான்கு மாதங்களாக என் கணவரைப் பராமரித்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு வயது 69. கப்பல் பட்டறையில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். இடக்கையும் இடக்காலும் செயலிழந்து, மருத்துவமனையிலும் பிறகு சமூக மருத்துவமனையிலும் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அதன்பின் அரை மணி நேரப் பயிற்சிக்காக, சக்கர நாற்காலி ஏறும் வாடகை வண்டியை முன்பதிவு செய்து, போய் வரவே மூன்று மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்ததும் அவர் களைத்து உறங்கிவிடுவார். எனவே காணொளிப் பயிற்சிக்கு மாறலாம் என்றபோது மறுக்கவில்லை. நேரில் செய்வதற்கு இது ஈடாகுமா என்ற ஐயம் மட்டும் இருந்தது. சிங்கப்பூரிலேயே 124 பேரைக் கொண்டு நடந்து, 2021ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டிலிருந்தபடி தொலைவழிப் பயிற்சி பெற்றவர்களும் வழக்கமான முறையில் பயிற்சி பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள் என்று காட்டியதாகப் பின்னர் அறிந்தேன்.

சொல்லப்போனால், ஒரு விஷயத்தில் நேரில் போவதைவிட இதுவே மேல். மைலோ டின்னில் கைக்கணினியைச் சாய்த்து வைத்து, சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்தோம். "அங்கிள், பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, முன்னால் குனிந்து எழுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த பயிற்சியாளர், திரையின் ஓரத்தில் தெரிந்த கால்மிதியைக் கண்டு, அதை அப்போதே எடுத்துவிடச் சொன்னார். அடுத்த வாரம் குளியலறை வாசலில் இருக்கும் திண்டைக் காட்டச் சொல்லி, எந்தக் காலை முதலில் வைப்பது என்று அங்கேயே பழக்கினார். மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் எங்கள் கால்மிதியை யார் பார்த்திருப்பார்கள்?

உணவு ஆலோசனைதான் கைகூடவில்லை. அது ஆங்கிலத்தில் நடந்தது. மொழிபெயர்க்க வேண்டிய மகள் அந்நேரம் வேலையில் இருப்பாள். பழுப்பரிசிச் சோறு, ஆவியில் வெந்த மீன், தட்டில் பாதி காய்கறியும் பழமும் என்று சொன்னார்கள். தவறில்லை. ஆனால் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "உப்பு அதிகம் போடுவீர்களா?" என்ற கேள்விக்கு, "இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வழக்கமாகப் பேசுபவர் விடுப்பில் இருக்க, தமிழ் பேசும் தாதி ஒருவர் அழைத்தார். கைக்கணினியை அடுப்புப் பக்கம் திருப்பச் சொன்னார். "ஆன்ட்டி, புளி கரைக்கும்போதே உப்பு போட்டாச்சா? பொரியலுக்குத் தனியா? ரசத்துக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டவர், மறுநாள் காலையில் வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் உப்பை ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்து, நாள் முழுவதும் அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொன்னார். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு வகுத்துள்ள வரம்பு அவ்வளவுதான்: 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். மதியச் சமையல் முடிவதற்குள் கிண்ணம் காலி. ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள் என்ற செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். அது என் வீட்டுச் செய்தி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கவாதத்துக்கு முதற்காரணம் உயர் ரத்த அழுத்தம் என்பதும், ஏற்படும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஏற்கெனவே ஒருமுறை பாதிக்கப்பட்டவர்களுக்கே வருகிறது என்பதும் தெரிந்த பிறகு, அந்தக் கிண்ணம் எங்கள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

தமிழில் விளக்குவது வெறும் வசதிக்காக அன்று என்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. சோடியம் குறைந்த மாற்று உப்பைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021ல் வெளியிட்ட ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்த அழுத்த மருந்துகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தின் வேலையைக் கீரை குறைக்கக்கூடும் என்றாலும், அதை உண்பவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே உண்டு, மறுவாரம் அறவே விடுவதுதான் ஆபத்து. விழுங்கச் சிரமப்படுபவருக்கு, "இதமாக இருக்கும்" என்று நாம் அன்போடு ஊட்டும் ரசம் சாதம், நீரும் பருக்கையும் சேர்ந்து வருவதால் புரையேற வைக்கக்கூடும். இவற்றை அரைகுறை ஆங்கிலத்தில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வது சரியாகுமா? இரு மொழி பேசியவர்களில் சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு மொழி மற்றதைவிடச் சுலபமாகத் திரும்புகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். என் கணவருக்குத் திரும்பியது தமிழ்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களையே உடன் சேர்த்துக்கொண்டு, தொலைவழி உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை வடிவமைத்துச் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும், ஆலிவ் எண்ணெய் சேர்த்த மத்தியத் தரைக்கடல் பாணி உணவு அவ்வூருக்குப் பொருந்தும். எங்கள் வீட்டில் அதே எண்ணத்தோடு வாங்கிய ஆலிவ் எண்ணெய் போத்தல் திறக்கப்படாமலே காலாவதியாயிற்று. நாம் பின்பற்ற வேண்டியது அவர்களுடைய எண்ணெயை அன்று, நோயாளிகளைக் கேட்டுத் திட்டம் போட்ட அவர்களுடைய முறையை.

எல்லாவற்றையும் திரையில் செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. விழுங்கும் திறனைச் சோதிப்பது, நடையை முதன்முதலாக மதிப்பிடுவது ஆகியவை நேரில்தான் நடக்க வேண்டும். எங்கள் இல்லப் பணிப்பெண் அருகில் நின்று இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் என் கணவரை எழுந்து நிற்கச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. வாய் கோணுவதோ, கை திடீரென்று சோர்வதோ, பேச்சு குழறுவதோ மீண்டும் நேர்ந்தால், காணொளி அழைப்புக்குக் காத்திராமல் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைக்க வேண்டும்.

சுகாதார அமைச்சும் சேவை வழங்கும் அமைப்புகளும் மூன்று கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். பதிவு செய்யும்போதே எந்த மொழியில் ஆலோசனை வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் பேசுவோர் எல்லா நிலையங்களிலும் இல்லாவிட்டாலும், தொலைவழிச் சேவை என்பதால் ஈசூனில் உள்ளவருக்குத் தீவின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் பேசலாமே. உணவுக் குறிப்பேட்டில் சாம்பார், புளிக்குழம்பு, கருவாடு, தோசை, உணவங்காடியில் வாங்கும் பரோட்டா ஆகியவற்றையும் சேருங்கள். முதல் உணவு ஆலோசனையை மட்டும் பிற்பகல் மூன்று மணிக்கு வைக்காமல் காலை பத்து மணிக்கு வையுங்கள். எங்கள் வீட்டில் குழம்பு கொதிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்