குளத்தங்கரையிலிருந்து சாந்திக்கு

வெம்பிளி, லண்டன்
ஜூன் 22

அன்புள்ள சாந்தி,

உன் குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். பதினோரு நிமிடத்தில் நாலு நிமிடம் உன் பள்ளிக்கூட அதிபரைப் பற்றி. மிச்சத்துக்குத்தான் இந்தக் கடிதம். நானும் பேசிப் பதில் அனுப்பினால் உன்னைப்போலவே கிளை கிளையாகப் போய்விடுவேன், அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவின் கண் இப்போது எப்படி? மருந்து விட வருகிற ஆட்களை ஏசுவதை நிறுத்திவிட்டாரா?

இம்முறையும் கல்விச் சுற்றுலா அநுராதபுரம், கண்டி, நுவரெலியா, மூன்று நாள் என்கிறாய். நாம் எட்டாம் வகுப்பில் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். வழி நெடுகப் பாட்டு, பின்சீட்டில் வாந்தி, நடுச்சாமத்தில் யாரோ ஒருவருடைய மடத்தில் பாய். பேராதனைப் பூங்காவில் நான் பார்த்தது எனக்கு முன்னால் வரிசையில் போனவளின் ரிப்பனை மட்டும்தான். அவ்வளவு தூரம் போய் ரிப்பனா என்று அம்மம்மா கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஃபிரையன்ட் கன்ட்ரி பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெயரைக் கேட்டு பெரிய காடு என்று நினைக்காதே. வெம்பிளி ஸ்டேடியத்தின் வளைவு மரங்களுக்கு மேலால் தெரியும். பழைய வைக்கோல் வயல்கள், வேலிப் பற்றைகள், சின்னச் சின்னக் குளங்கள், எல்லாமாக நூறு ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே. நடுவால் ஒரு தார் ரோட்டும் போகிறது. கன்ட்ரி பார்க் என்பதே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடுதான். நகரத்துச் சனம் காரை எடுத்துக்கொண்டு கிராமத்துத் தோட்டங்களை மிதிக்காமல், பக்கத்திலேயே காற்று வாங்க ஓர் இடம்.

போவதற்கு முதல் வருகிற கடதாசி வேலையை நீ நம்பமாட்டாய். என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒரு படிவம். வேர் தடுக்குதல், தேனீ, உண்ணி, குளம், நாய், தெரியாத ஆட்கள், வெயில், மழை. இரண்டும் ஒரே நாளில் வரும், இது இங்கிலாந்து. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு. பஸ்ஸும் ரயிலும் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு இலவசம், ஆனால் காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறவேண்டும், பின்னேரம் நாலுக்குள் முடித்துவிடவேண்டும். ஆக, பார்க்கில் நிற்கக் கிடைக்கிற நேரம் இரண்டரை மணித்தியாலம். அதில் அரை மணித்தியாலம் சாப்பாட்டுப் பையைத் திறக்க, மூட, சிந்தினதைத் துடைக்க.

முதலில் பார்க்குக்குள் இருக்கிற பார்ன் ஹில் என்ற மேட்டில் ஓர் ஓக் மரத்தை அளந்தோம். வெட்டவெளியில் நிற்கிற மரத்துக்குச் சுற்றளவில் இரண்டரை சென்டிமீட்டர் ஒரு வயது. காட்டுக்குள் நெருக்கமாக நின்றால் வளர்ச்சி அதில் பாதி. நெஞ்சளவு உயரத்தில் அளக்கவேண்டும் என்றேன். யாருடைய நெஞ்சு, டீச்சருடையதா எங்களுடையதா என்று ஒரு சண்டை. நூல் பிடித்துப் பார்த்தால் 310 சென்டிமீட்டர். வெளி மரம் என்றால் 124 வயது, காட்டு மரம் என்றால் 248. மரமோ காட்டு விளிம்பில் நிற்கிறது! ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற பேர்போன தோட்டக் கலைஞர் 1793இல் இந்த மேட்டில் மரம் நட்டவர். அவர் கை வைத்த மரமா இது, இல்லையா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வகுப்பறைக்குள் வகுத்தல் கணக்குக்கு இப்படிச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை.

நம் ஆட்களின் பொடியன் ஒருத்தன், தாய் தகப்பன் கிளிநொச்சிப் பக்கம், ஓக் கொட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். ஓக் கொட்டை என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. உதவிக்கு வந்த அவனுடைய அம்மம்மா, பாதையோரத்தில் நெட்டில் என்ற சுணைச் செடியில் கையை வைத்து எரிச்சலில் துடித்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, “இது எங்கட காஞ்சோண்டி மாதிரியெல்லோ” என்றார். உடனே அவனுக்கு அது பிடித்துவிட்டது. அன்று முழுக்க அந்தச் செடியைக் கண்ட இடமெல்லாம் காஞ்சோண்டி, காஞ்சோண்டி என்று வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

அப்புறம் குளம். மேட்டின் உச்சியிலேயே ஒன்று இருக்கிறது. வலையைத் தண்ணீருக்குள் 8 என்ற இலக்க வடிவில் ஓட்டவேண்டும், சேற்றைக் கிளறக்கூடாது, வந்ததை வெள்ளைத் தட்டில் கவிழ்க்கவேண்டும். தட்டில் முதலில் வெறும் கஞ்சல்தான் தெரியும். பத்துப் பேர் “ஒன்றுமில்லை” என்பார்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் கஞ்சல் நடக்கத் தொடங்கும். ஒரு பூச்சி மணலையும் குச்சித் துண்டுகளையும் தன் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் வீடு கட்டி, அதை இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று பழுப்பு நிறம், ஆறு கால், குண்டு வயிறு, முகத்தைத் தட்டோடு தாழ்த்திக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு புழு வந்ததும் அதன் கீழுதடு கைபோல நீண்டு, பிடித்து, மடங்கிவிட்டது. கண் இமைக்கும் நேரம்.

எடி, அது தும்பி.

தும்பி தண்ணீருக்குள் பிறக்கிறது. இந்த நாட்டில் ஒரு வருடம், சிலது இரண்டு வருடம், அதற்கும் மேலே, இப்படி வேட்டையாடிக்கொண்டு கிடந்துவிட்டு, ஒருநாள் புல்லில் ஏறி, முதுகு வெடித்து வெளியே வருகிறது. பறப்பது கொஞ்ச நாள்தான். கரையில் கோரைப்புல்லில் கழற்றி விட்ட சட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, முதுகுக் கிழிசலில் வெள்ளை நூல் நூலாக. அது மூச்சுக் குழாயின் உள்தோலாம். உன் வீட்டுக் கிணற்றடியில் தும்பி வாலில் நூல் கட்டிக் கல் தூக்க விட்டோமே, நீயும் நானும். தண்ணீருக்குள் கிடந்து வந்த சீவன் என்று அப்போது யாராவது சொன்னார்களா? எனக்கு ஐம்பது தாண்டி, ஏழு வயதுப் பிள்ளைகளோடு குந்தியிருந்துதான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் கையில் திணிக்கப்பட்ட பயிற்சித் தாளை நிரப்பச் சொல்லி ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். தாளில் பதினாலு கட்டம். பிள்ளைகள் தும்பியை விட்டுவிட்டுக் கட்டத்துக்குச் சரி போட ஓடினார்கள். நான் தடுக்கப் போய், வழுக்கி, ஒரு கால் முழங்கால் மட்டும் குளத்துக்குள். படிவத்தில் குளம் என்று எழுதியிருந்ததே, அதில் நான் என்று எழுத மறந்துவிட்டார்கள். திரும்பும் ரயில் முழுக்க என் சப்பாத்து சளக் சளக்.

இங்கே காட்டுப் பள்ளி என்று, மரங்களுக்கு நடுவிலேயே பிள்ளைகள் படிக்கிற முறை ஒன்றும் இருக்கிறது. 1993இல் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர் டென்மார்க்குக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. எங்களுடையது வருடத்துக்கு ஒரு நாள் கூத்து. ஒக்டோபரில் அதே குளத்துக்கு மறுபடி போகக் கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நீ ஏன் கண்டி வரைக்கும் போகிறாய்? போகாதே என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு மலையும் பார்க்கவேண்டும். ஆனால் உன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே குளம் இருக்கிறது. மாரி முடிந்து தையில் தண்ணீர் நிற்கும்போது ஒரு தரம், பங்குனியில் வற்றும்போது ஒரு தரம் கொண்டுபோ. வலைக்குப் பழைய அரிதட்டு போதும், தட்டுக்கு ஐஸ்கிரீம் பெட்டி மூடி. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும் ஒரு கயிறும் கட்டாயம். அதிபர் நேரசூசி என்பார். கணக்குப் பாடம் என்று சொல்லு, மரத்தை அளந்துவிட்டு வா. உன் முற்றத்து வேம்புக்கு இந்த இரண்டரைக் கணக்கு சரிவராது, அது வேறு வேகத்தில் வளர்கிற மரம். அந்த வேம்பை நட்டது யார், எந்த வருடம் என்று உன் அம்மாவிடமே கேட்டு எழுது.

அந்தத் தும்பிச் சட்டையைத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கார்த்திகையில் தம்பி வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நசுக்காமல் கொண்டுவந்தால் அவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடு.

உன்
வசந்தி