பிருடையோடு மல்லுக்கட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, செல்லோ; உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் அந்தப் பெரிய வயலின். ஆமாம், இந்த வயதில்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுகிறாயா, இல்லை இன்னும் கீழே உட்கார்ந்தே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாயா?

செல்லோ வாசிக்கக் கற்கிறேன் என்று சொன்னால் பாதிப் பொய். இரண்டு மாதமாகக் கற்பது சுருதி சேர்க்க மட்டும்தான். இருப்பது நான்கே தந்தி: ஏ, டி, ஜி, சி. அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே ச–ப இடைவெளி. அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

முதல் வாரமே ஏ தந்தி அறுந்தது. பிருடை என்பது தந்தியைச் சுற்றி முறுக்கும் கூம்பு வடிவ மரக்கட்டை. துளைக்குள் வெறும் உராய்வில்தான் நிற்கிறது. உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அது தெரியாமல் திருகிவிட்டுக் கையை எடுத்தால், தர்ரென்று அவிழ்ந்துகொண்டது. வீம்புக்கு இன்னும் பலமாகத் திருகினேன். படீர்! செல்லோவின் பிருடைகள் வாசிப்பவனின் இடது காதை ஒட்டி இருப்பவை. கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. வீட்டில் கேட்டதற்குப் பூனை பிறாண்டியது என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

புதுத் தந்தி மாட்டும்போது ஆசிரியர் கறாராகச் சொன்னார்: நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையை யாரும் ஒட்டி வைக்கவில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. வயிற்றுக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் குச்சியும் அப்படித்தான். அழுத்தம் போனால் அது விழுந்துவிடலாம்; அப்புறம் வேலை தெரிந்த ஆளைத்தான் தேட வேண்டும். சுருதியை ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும், அதையும் பார்த்துப் பார்த்து நிமிர்த்த வேண்டும். ஒன்றை ஏற்றினால் மற்றவை கொஞ்சம் இறங்கும். நாலு பேருக்கு ஒரே போர்வை மாதிரி. ஒருவன் இழுத்தால் இன்னொருவனுக்குக் கால் தெரியும்.

ஆரம்பத்தில் ஃபோனில் சுருதி காட்டும் ட்யூனரை வைத்துத்தான் சேர்த்தேன். ஏ 220 ஹெர்ட்ஸ், டி 146.83. முள் நடுவில் நிற்கும், பச்சை எரியும், நானும் நிமிர்ந்து உட்காருவேன். ஒருநாள் ஆசிரியர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இரண்டு தந்தியையும் சேர்த்து இழுங்கள், மெதுவாக" என்றார். பச்சை விளக்கு வாங்கிய அதே தந்திகள்தான். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒலி வீங்கி வடிந்தது. இயற்பியல் பாடத்தில் இசைக்கவையைத் தட்டி 'விம்மல்' என்று படித்தோமே, அதேதான்! மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேனே தவிர, அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்டேன்.

உனக்குக் கணக்குப் பிடிக்கும். சுத்தமான ச–ப என்றால் 3:2. ஏ 220 என்றால் டி 146.67-இல் நிற்க வேண்டும். ஃபோன் சொல்வதோ, பன்னிரண்டு சுரத்தையும் சமமாகப் பங்கு போட்ட பியானோக் கணக்கு. ஒவ்வொரு தந்தியும் தன் மடங்கு ஒலிகளையும் சேர்த்தே எழுப்பும்; அந்த டி-யின் மூன்று மடங்கு ஏறக்குறைய 440.5, ஏ-யின் இரண்டு மடங்கு 440. இந்த அரை ஹெர்ட்ஸ்தான் அங்கே விம்முகிறது. தந்தியின் கீழ்முனையில் இருக்கும் சின்னத் திருகை நூலளவு தளர்த்தினேன். விம்மல் நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு காணவில்லை. செல்லோவின் முதுகு நெஞ்சில் சாய்ந்திருப்பதால் அது நின்றதை விலா எலும்பே சொல்லிவிட்டது. வில்லை எடுக்க மனமில்லாமல் முனை வரை இழுத்தேன்.

சரி, காதுதான் மெய், ஃபோன் பொய் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அடுத்த வகுப்பிலேயே அதற்கும் ஆப்பு. மூன்று ச–ப-வையும் சுத்தமாக வைத்துக்கொண்டே இறங்கினால் சி, பியானோவின் சி-யைவிடத் தாழ்ந்துவிடுகிறதாம். வயலினின் ஈ தந்தியோடு சேர்ந்து ஒலித்தால் இரண்டும் இடிக்கும். அதனால் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவில் வாசிப்பவர்கள் இடைவெளிகளைத் துளி குறுக்கி, சி-யைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்களாம். "அப்போ எதுதான் சரி?" என்றேன். "யாரோடு வாசிக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். நான் வாசித்தால் வீட்டில் ஒருவரும் பக்கத்து அறையில்கூட இருப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை.

இன்று காற்றில் ஈரமே இல்லை. மழை நாளில் உப்பி இறுகிக்கொள்ளும் பிருடைகள் இந்த மாதிரி நாளில் சுருங்கி வழுக்கும். இதோ, மூலையில் டொக்கென்று சத்தம். டி-யாகத்தான் இருக்கும், போய்ப் பார்க்கிறேன். முழங்காலைப் பற்றி மறக்காமல் எழுது.

உன்,
ராகவன்